வலக்கைப் பக்கத்துத் தடிப்பு

அந்த விரிப்பின் வலது ஓரத்தில், தலைமாட்டிலிருந்து நான்காவது சதுரத்தின் நடுவில் ஒரு தடிப்பு இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. கண்ணுக்குத் தெரியாது, விரல் பட்டால் தெரியும். விரிப்பில் மொத்தம் முப்பத்திரண்டு சதுரங்கள். குறுக்கே நான்கு, நீளவாக்கில் எட்டு. ஒவ்வொரு சதுரமும் வெள்ளைத் துணியும் நீல லுங்கித் துணியுமாக எட்டு முக்கோணங்கள் சேர்ந்த, சுற்றுவதுபோல் தெரியும் ஓலைக் காற்றாடி வடிவம். முக்கோணங்களின் முனைகள் எட்டும் கூடுகிற இடங்கள், சதுரங்களின் நடுவில் முப்பத்திரண்டும் சதுரங்கள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளில் இருபத்தொன்றுமாக, ஐம்பத்து மூன்று. எட்டு முனைகள் கூடினால் அங்கே துணி குவியத்தான் வேண்டும். ஆனால் இந்த ஐம்பத்து மூன்றில் ஐம்பத்திரண்டை விரலால் கண்டுபிடிக்க முடியாது. சென்ற ஞாயிறு மத்தியானம், மழை வருவதற்கு முந்தைய புழுக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழு விரிப்பையும் தடவிப் பார்த்தேன். கை ஒரு குளத்தின் மேல் போவதுபோலப் போய், அந்த ஒரே இடத்தில் கரை தட்டி நின்றது.

விரிப்பைத் தைத்தவர் என் அண்ணி. அதில் படுத்திருந்தவர் என் அண்ணன்.

எங்களுடையது கொச்சி மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாகத் துணி வெளுத்த தமிழ்க் குடும்பம். அண்ணன் சலவைக் கல்லையும் தேய்ப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் மாநகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு செய்யும் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஊராருடைய முதல் நாளையும் கடைசி நாளையும் எழுதி எழுதிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. மழை தொடங்கிய நாள், படகு ஓடாத நாள், பக்கத்துக் கிடங்கில் புதுச் சுக்கு வந்து இறங்கித் தெருவே காரமாக மணத்த நாள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். அண்ணனுக்கு அது தீராத வேடிக்கை. "எழுதிக்கோடா. மகாராஜா இன்னைக்கு ரெண்டு சாயா குடிச்சாரு, மூணாவது கேட்டாரு, மகாராணி குடுக்கலன்னு எழுது," என்பார். இதைக் கேட்டுக்கொண்டே அண்ணி மூன்றாவது சாயாவைக் கொண்டுவந்து வைப்பார்.

சுள்ளிக்கல் வளைவில், மழை ஈரத்தில், துணி மூட்டையோடு சைக்கிளிலிருந்து அண்ணன் விழுந்தது, இங்கே மேடம் என்கிற சித்திரை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடும் இல்லை, குளிரும் இல்லை, வலியும் இல்லை. வலி இல்லாததுதான் ஆபத்து என்று முதல் நாளே சொன்னவர், செவ்வாய்தோறும் வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் நர்ஸ். நமக்கு ஓரிடத்தில் அழுத்தினால் தூக்கத்திலும் புரண்டுகொள்வோம். அண்ணனுடைய உடம்பு அப்படிச் சொல்லாது. சுருக்கம் ஒன்று, பொத்தான் ஒன்று, தலைமயிர் முடிச்சு ஒன்று அடியில் கிடந்தாலும் தோல் கன்றி, புண்ணாகி, எலும்புவரை போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். காற்று மெத்தையின் மேல் மெல்லிய பழைய பருத்தித் துணிதான் விரிக்கலாம். கடையில் விற்கும் பளபளப்பான வண்ண விரிப்புகள் வியர்வையைப் பிடித்துவைக்கும், ஆகாது.

பழைய பருத்தி எங்கள் வீட்டில் இருந்தது. மூடிப்போன ஒரு தங்கும் விடுதியின் வெள்ளை விரிப்புகள். ஆயிரம் தடவை வெளுத்துப் பாலாடைபோல் மென்மையானவை. மூலையில் சலவைக் குறி மட்டும் கறுப்பாக நின்றது. அண்ணி அதில் ஒன்றை விரித்து அண்ணனைக் கிடத்தினார். இரண்டு நாள் அண்ணன் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "டேய், வெள்ளையில படுத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. யாரோ வந்து கால்ல குறி போட்டு, மூட்டையில கட்டி எடுத்துட்டுப் போகப் போறாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார்.

வண்ணத்தில் பழைய பருத்தி என்றால் அண்ணனுடைய லுங்கிகள்தான். அவை நடுவில் நைந்து ஓரங்களில் மட்டும் உயிர் வைத்திருந்தன. முழு விரிப்பு தேறாது. துண்டு போட்டுத்தான் ஆக வேண்டும். என்ன மாதிரி வேண்டும் என்று அண்ணி கேட்டார். ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் சலவைக்குப் போட்ட ஒட்டுத்துணிப் போர்வையை அண்ணன் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். துணி முழுக்கக் காற்றாடிகள். தேய்க்கும்போது அவை சுற்றுவதுபோல இருந்ததாம். "ஓடுற மாதிரி ஏதாவது தை. நான்தான் ஓடல, துணியாவது ஓடட்டும்."

"ஆசையைப் பாரு. கிழிஞ்ச லுங்கியில காத்தாடி வேணுமாம்," என்றார் அண்ணி. அன்று மாலையே கத்தரியை எடுத்துவிட்டார். அதுவரை அவர் தையல் மெஷினில் செய்ததெல்லாம் வாடிக்கையாளர்களின் கிழிசலை ஒட்டுவதும் பொத்தான் வைப்பதும்தான்.

முதல் விரிப்பில் நாங்கள் செய்த தவற்றை வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்காது. தைத்து முடித்ததும் அண்ணி அதைக் கஞ்சியில் முக்கினார். சிரட்டைக் கரி கனலும் பெட்டியால் தையல் ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக மடித்துச் சாய்த்து, கத்தி முனைபோல் நிற்கும்வரை தேய்த்தார். கஞ்சியில்லாத துணியை எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் கொடுத்ததில்லை. "கொழகொழன்னு இருந்தா பாக்கிறவன் சிரிப்பான்," என்று அண்ணனும் படுக்கையிலிருந்தே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோலுக்கு மென்மை வேண்டும் என்று மூவரும் காதால் கேட்டிருந்தோம். ஆனாலும் மரியாதை என்றால் விறைப்பு என்று எங்கள் மூன்று பேரின் கைகளும் நம்பின. ஒரு வியாழக்கிழமை அதை விரித்தோம். அண்ணன் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அடுத்த செவ்வாய் நர்ஸ் வந்து அவரைப் புரட்டினார். வலது இடுப்பெலும்பின் மேல் இலந்தைப்பழம் அளவுக்கு ஒரு சிவப்பு. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தினால் நிறம் மாறித் திரும்ப வேண்டும்; அது மாறவில்லை. நர்ஸ் விரிப்பைத் தடவிப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "சேச்சீ, நல்ல பணி. ஆனா இவிடெ பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. கஞ்ஞி வேண்டா கேட்டோ. இது இனி விரிக்க வேண்டா."

அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. "எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே?" என்று சிரித்தார். பிறகு தான் சொன்னது என்ன என்பது அவருக்கே எட்டியது. அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிப்போனதை நான் பார்த்தேன். நோட்டில் அந்தச் செவ்வாய்க்குக் கீழே மூன்றே சொற்கள் இருக்கின்றன: சிவப்பு. வலது இடுப்பு.

அண்ணி அழவில்லை. விரிப்பை உருவித் தரையில் போட்டு, அண்ணன் கிடந்த இடத்தைச் சாணால் அளந்து, சிவப்புக்கு நேர் கீழே என்ன இருந்தது என்று தேடினார். காற்றாடியின் நடு. எட்டு முக்கோணங்களின் உள்மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கஞ்சியில் இறுகி, பாக்குப்போல நின்றது. "தம்பி, இதுலயா நான் அவரைப் படுக்க வச்சேன்," என்றார். பிளேடை எடுத்துவந்து உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று சந்திப்புகளையும் பிரிக்க நான்கு நாள் ஆனது.

அண்ணன் மறுபடி வெள்ளையில் கிடந்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காற்றாடியை விட்டுவிட்டு நீளப் பட்டைகளாகத் தைத்தால் என்ன என்று நான் கேட்டேன். பட்டையில் இத்தனை முனைகள் ஓரிடத்தில் வந்து சேராது, தடிப்பும் வராது. அண்ணி தலையை ஆட்டினார். "அவரு வாயைத் தொறந்து கேட்டது இந்த ஒண்ணுதான். இதையும் இல்லன்னு சொன்னா, அப்புறம் எதையும் கேக்க மாட்டாரு."

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு வரிசையாக வருவதில்லை. நோட்டைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டியிருக்கிறது. மழைச் சத்தம், ஈரத் துணியில் பெட்டி படும் 'ஸ்ஸ்' ஒலி, சிரட்டைக் கரியின் வாசனை, சன்னல் வழியாக எங்கோ படகின் ஊதல், எல்லாம் ஒரே நீண்ட மத்தியானமாகக் கலந்து கிடக்கின்றன. அந்த மத்தியானத்தின் நடுவில் அண்ணி குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் தையலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்ற துணி முனைகளைக் கத்தரித்தார். அவற்றுக்கு எலிக்காது என்று பெயர் வைத்திருந்தார். தரையெல்லாம் எலிக்காதுகளாகக் கிடக்கும். பிறகு தடித்த நூலை மாற்றி மெல்லிய நூல் போட்டார். தையல் மடிப்பை ஒரு வரிசையில் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமுமாகச் சாய்த்தார். சேர்க்கும்போது இரண்டு மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கை கோத்ததுபோல் பொருந்தின. அது பாதித் தடிப்பைக் குறைத்தது. மடிப்பைப் பிரித்து இருபுறமும் விரித்துத் தேய்த்தபோது இன்னும் தட்டையானது. ஆனால் நைந்த துணியல்லவா, தையல் வாயிலேயே நூல் விட்டு இளித்தது; அதைக் கைவிட்டார்.

தேய்க்கும்போது மட்டும் அண்ணன் சுவரை விட்டுத் திரும்புவார். சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். "அடியே, இழுக்காதே. சட்டையா தேய்க்கிற? சாய்வா வெட்டின துணி இழுத்தா நீண்டுரும். வை, எடு. வை, எடு."

"நாப்பது வருசம் இழுத்த கை உங்களோடது. இப்ப எனக்கு வை, எடுவா?"

"நான் இழுத்தது அடுத்தவன் சட்டையை. இது என் மெத்தை."

அண்ணி வைத்து வைத்து எடுக்கத் தொடங்கினார். இரண்டாவது பெட்டியைக் கரி போடாமல் குளிர வைத்து, சூட்டுப் பெட்டியை எடுத்த அடுத்த நொடி அதைத் தூக்கி அந்த இடத்தில் வைத்து, மெதுவாக இருபது எண்ணுவார். சூட்டில் இளகிய துணி பாரத்தின் கீழ் அப்படியே தட்டையாக ஆறும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. சூடாக மடித்த சட்டையின் மேல் மற்றச் சட்டைகளை அடுக்கினால் மடிப்பு நிற்கும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். அதையே திருப்பிப் போட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நடு மட்டும் அடங்கவில்லை. ஒரு சனிக்கிழமை மழை விட்ட நேரத்தில் அண்ணி துணி எடுக்கச் சலவைக் களத்துக்குப் போனார். நானும் கூடை தூக்கப் போனேன். எங்கள் களத்தில் துணிக்குக் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கும். அந்த முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் விழாது. அண்ணி ஒரு வேட்டியை உருவப் போனவர், உருவாமல் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரக் கயிற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, ரெண்டு கயிறும் ஒரே பக்கமா சுத்துது. அதான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறல," என்றார். பிறகு கூடையை என்னிடமே விட்டுவிட்டு நடந்தார். நடந்தார் என்று எழுதுகிறேன், கிட்டத்தட்ட ஓடினார்.

வீட்டில் காற்றாடியின் பின்புறத்தைத் திருப்பினார். நடுவில், தையலுக்காக உள்ளே விட்ட ஓரத்தில் மட்டும், இரண்டு மூன்று தையலைப் பிரித்தார். மேலே தெரியும் தையலைத் தொடவில்லை. பிரிந்ததும் மடிப்புகள் எட்டையும் விரலால் ஒரே திசையில், கடிகார முள் போகும் பக்கம், வரிசையாகச் சாய்த்தார். குவியல் தானாகத் திறந்தது. நடுவில் நகக்கண் அளவில் இன்னொரு காற்றாடி, மேலே இருப்பதன் குட்டிபோல, விரிந்து படுத்தது. சூட்டுப் பெட்டி, குளிர்ந்த பெட்டி, இருபது எண்ணிக்கை. என் விரலைப் பிடித்து மேற்புறத்தில் வைத்தார். "எங்கன்னு சொல்லுங்க பாப்போம்." நான் தப்பாகச் சொன்னேன். அண்ணி சிரித்து நான் பார்த்தது மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான்.

ஆனால் விரலை நம்ப அவர் தயாராக இல்லை. எல்லாச் சந்திப்புகளையும் முடித்து, விடுதியின் விரிப்பு ஒன்றை அடித்துணியாக வைத்துத் தைத்த மறுநாள், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணி தரையில் விரிப்பின் மேல் ஒருக்களித்து அசையாமல் கிடந்தார். பதறிப்போய், "அண்ணி!" என்றேன். "சத்தம் போடாதீங்க. மணி என்ன?" என்றார் வாயை மட்டும் அசைத்து. "ரெண்டு பத்து." "எழுதிக்கோங்க. மூணு பத்துக்கு எழுப்புங்க." அவருடைய மேற்கையின் எலும்பு சரியாக ஒரு காற்றாடியின் நடுவில் இருந்தது. கட்டிலிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "டேய், மகாராணி சவாசனம்னு எழுது," என்றார். அலுவலகத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. அந்த ஒரு மணி நேரமும் மழை ஓட்டின் மேல் பெய்தது. அண்ணி அண்ணனுடைய உடம்பாக மாறி, அவருக்குத் தெரியாததைத் தன் தோலால் கேட்டுக்கொண்டு கிடந்தார். மூன்று பத்துக்கு எழுந்து கையைத் திருப்பிக் காட்டினார். துணியின் நெசவுதான் லேசாகப் பதிந்திருந்தது; அதுவும் சாயா ஆறுவதற்குள் மறைந்துவிட்டது.

அதற்குள் அண்ணனுடைய சிவப்பும் ஆறியிருந்தது. அடுத்த செவ்வாய் நர்ஸ் விரிப்பின் மேல் கையை ஓட்டினார். நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினார். "ஜாயின்ட் எவிடெ சேச்சீ? எங்க?" என்றார். அண்ணி சாயா போட அடுப்படிக்குள் போய்விட்டார்.

காற்றாடிகளின் மேல் அண்ணன் கிடத்தப்பட்ட மூன்றாம் நாள் ஒரு சண்டை வந்தது. கைகளில் அவருக்கு உணர்ச்சி இருந்தது. அந்தக் கைகள் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தன. "ஒண்ணுமே அகப்படல. தண்ணி மேல கிடக்கிற மாதிரி இருக்கு. விரலுக்கு ஏதாவது வேணும். ஒரே ஒரு முடிச்சை விட்டு வை," என்றார்.

"ஒண்ணுகூட விட மாட்டேன். இதுக்காகவா ஒரு மாசம் உக்காந்தேன்?"

"கை பக்கம்தானே கேக்கறேன். அங்க எனக்கு உசிர் இருக்கு."

அண்ணி அடுத்த செவ்வாய்வரை பேசவில்லை. நர்ஸிடம் கேட்டார். உடம்பின் அடியில் வராத இடமென்றால் பரவாயில்லை என்றார் நர்ஸ். அன்று மாலை அண்ணி வலக்கை விழும் இடத்தைக் குறித்து, அடித்துணியை ஓரத்தில் பிரித்து, நான்காவது சதுரத்தின் நடுவை மட்டும் பழையபடி தைக்க முயன்றார். கை கேட்கவில்லை. மடிப்புகள் பழக்கத்தில் ஒரே திசையில் சாய்ந்து படுத்துக்கொண்டன. இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தடிப்பை உண்டாக்கினார். அண்ணன் விரல் அதைத் தேடிப் பிடித்தது. "ஆ, இங்கதான் இருக்கியா," என்றார். துணியிடம் சொன்னாரா, அண்ணியிடம் சொன்னாரா என்று நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

அதன் மேல் அவர் நான்கு மழைக்காலம் கிடந்தார். வெளுப்பதும் கஞ்சியில்லாமல் காயவைப்பதும் அண்ணிதான். அது காயும் வரை வெள்ளையில் கிடக்கும் அந்த அரை நாளில் அண்ணன் வேண்டுமென்றே தூங்கிவிடுவார். பேச்சு குறைந்த கடைசி மாதங்களிலும் கட்டைவிரல் அந்தத் தடிப்பின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேற்புறத்து நீலம் அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப் பளபளத்தது.

மார்கழியில், தனு மாதத்துப் பிற்பகல் ஒன்றில், மார்ச்சளி முற்றி, அவர் போனார். குளிப்பாட்டுவதற்காக நானும் அண்ணியும் அவரைப் புரட்டினோம். அண்ணி அதுவரை அழவில்லை. முதுகை, இடுப்பை, குதிகாலை, ஒவ்வோர் எலும்பின் மேட்டையும் விளக்கருகே குனிந்து பார்த்தார். செவ்வாய்தோறும் நர்ஸ் பார்ப்பதுபோல, அதைவிட மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "தம்பி, எழுதிக்கோங்க. ஒரு தடம் இல்ல." அதற்குப் பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் அண்ணனின் பெயரை நானே பதிவு செய்தேன். பெயர், வயது, இடம், காரணம் என்று அந்த ஏட்டில் கட்டங்கள் இருக்கின்றன. அண்ணி சொன்னதற்குக் கட்டம் இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்.

இப்போது அண்ணி கும்பளங்கியில், முன்பே கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் இருக்கிறார். போகும்போது விரிப்பை என்னிடம் விட்டுப்போனார். நான் ஓய்வு பெற்றவன். மத்தியானங்களில் அதன் மேல்தான் படுப்பது. சென்ற ஞாயிறு அடித்துணி ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. அதன் வழியாக உள்ளே பார்த்தேன். நகக்கண் அளவுக் காற்றாடிகள், யாருக்கும் தெரியாமல், வரிசை வரிசையாக ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே இடி உருண்டது. அண்ணிக்குப் போன் செய்து, தைக்கக் கொடுக்கவா என்று கேட்டேன்.

"யாருகிட்டயும் குடுக்காதீங்க. அடுத்த வாரம் நான் வரேன்," என்றார். போனில் காற்றும் நீரும் கேட்டன. "தம்பி, அது இருக்கா? அந்த ஒண்ணு?"

"இருக்கு அண்ணி. வலக்கைப் பக்கம்."

"மத்தது?"

"கண்ணை மூடித் தேடினேன். ஒண்ணும் கிடைக்கல."

மறுமுனையில் மழை பெய்துகொண்டிருந்தது. இங்கே வருவதற்கு முன்பாகவே அங்கே வந்துவிட்டிருந்தது.

"கிடைக்கக் கூடாது," என்றார் அண்ணி.

போனை வைத்துவிட்டுப் படுத்தேன். இங்கேயும் முதல் துளிகள் ஓட்டில் விழுந்தன. தூக்கம் வருவதற்குள் கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் தடிப்பின் மேல் நின்றது.